கிளியக்கா பேரை வெட்டுனது நான்தான்

இதை எழுதாமலே விட்டுரலாம்னுதான் இருந்தேன். பாதி சோம்பேறித்தனம், பாதி பயம். எட்டாங்கிளாஸை ரெண்டு தடவை படிச்சும் அது என்னைத் தாண்ட விடல. சால்டரிங் அயர்னைப் பிடின்னா பிடிப்பேன், பேனாவைப் பிடின்னா ஓடி ஒளிவேன்.

ஆனா போன வாரம் ரெண்டு பயலுவ ஃபோன் பண்ணானுவ. மெல்பர்ன்ல வெளிநாட்டு மொழிக்கெல்லாம் நடக்குற வானொலி நிலையத்துல, என் நாற்காலியில இப்ப உக்காந்திருக்குற பயலுவ. நிலையம் வேற கட்டடத்துக்கு மாறுதாம். பழைய டேப்பையெல்லாம் ஒதுக்கும்போது ஒரு பெட்டி சிக்கியிருக்கு, மேல என் கோழிக்கிறுக்கல். எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கானுவ.

"அண்ணே, பெங்காலிப் பாட்டு ஒண்ணு. கடைசி ஒரு நிமிசத்துல மட்டும் மூணு ஒட்டு இருக்கு. ஒவ்வொரு ஒட்டுலயும் ஆர்மோனியம் விக்குது. எந்தக் கசாப்புக்கடைக்காரன்ணே வெட்டுனது?"

"நான்தாம்லே."

ஒருத்தன் மெதுவா, "ஏன்ணே?"ன்னு கேட்டான். ஃபோன்ல சொல்ற விசயமா அது? அதுக்குத்தான் இந்த எழுத்து.

ஓய்வு பெற்றவங்க அனுபவம்னா நரைச்ச தலை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எதிர்பாப்பீங்க. எனக்கு இன்னும் முப்பது ஆகல. இடது காது ஓய்வு வாங்கிருச்சு, ஒத்தக் காதை வச்சு இந்தத் தொழில் பாக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால நானும் கூடவே வாங்கிட்டேன். அவ்வளவுதான்.

தொழில் கத்துக்கிட்டது தூத்துக்குடியில, ஒரு மைக் செட் கடையில. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம். பனைமரத்துல ஏறி குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன், ஆம்ப்ளி சூடானா விசிறியால வீசுவேன், தலைவர் பேச்சு நீண்டா ஒயரை லேசா ஆட்டி விடுவேன். எங்க அக்கா மாப்பிள்ளை இங்க ஆஸ்பத்திரில டாக்டர். வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சட்டம் போனதும் அத்தான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டாரு. "இவனை ஊர்ல விட்டா உருப்பட மாட்டான்"ன்னு அக்கா அழுத அழுகைக்குத்தான் விசா கிடைச்சிருக்கும்.

கலர் டிவி வந்த வருசம் நிலையத்துல சேந்தேன். என் வேலை டேப் வெட்டுறது. கிரேக்கம், துருக்கி, மால்டீஸ், அரபின்னு இருவது மொழி வரும். எனக்கு ஒண்ணும் புரியாது. புரியாததுதான் தகுதி. புரிஞ்சா கதை கேட்டுக்கிட்டு உக்காந்துருவோம்ல? மூச்சைத்தான் கேப்பேன். எந்த மொழிக்காரனும் வாயைத் திறக்குறதுக்கு முந்தி காத்து இழுப்பான். அந்த எடத்துல வெட்டு, அடுத்த மூச்சுல ஒட்டு. கேக்குறவனுக்குத் தெரியவே தெரியாது.

அங்கதான் சுபிமல்தாவைப் பாத்தேன். 'தா'ன்னா அவங்க பாஷையில அண்ணன். கல்கத்தாக்காரரு. அங்கயும் டிராம் கண்டக்டர், இங்கயும் டிராம் கண்டக்டர். "ஊர்தான் மாறுச்சு, மணிக்கயிறு மாறல"ம்பாரு. பாட்டு அவரே எழுதி அவரே பாடுவாரு. காதல், நிலா, ஆறு ஒண்ணும் இருக்காது. கம்பளி மில்லுல தறி ஓட்டுறவ, துறைமுகத்துல மூட்டை சரிஞ்சு முதுகு போனவன், இவங்கதான் பாட்டு. யூனிஃபார்மோடயே ஸ்டூடியோவுக்கு வருவாரு. ஷூவைக் கழட்டி ஓரமா வைப்பாரு. டிக்கெட் பையை ஆர்மோனியத்துக்கு அடியில குடுத்து ஒரு பக்கமா சாய்ப்பாரு. அந்தப் பெட்டியில எங்கயோ காத்து ஒழுகும், சாய்ச்சு வச்சாத்தான் இளைப்பு அடங்கும்.

கத்த மாட்டாரு. நான் தப்பு பண்ணா "ஆர் ஏக் பார்"னு மட்டும் சொல்லுவாரு. இன்னொரு தடவைன்னு அர்த்தம். ஒரு நாள் பதினேழு தடவை சொன்னாரு, முகம் மாறாம. நிஜமாவே கோவம் வந்தா தொப்பியை எடுத்து நாலா மடிப்பாரு. அதை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன்.

சனி ஞாயிறுல அவர் ஆர்மோனியத்தையும் என் ஆம்ப்ளியையும் வேன்ல ஏத்திக்கிட்டு ஃபேக்டரி வாசல், சர்ச் ஹால்னு சுத்துவோம். எனக்கு அரைகுறை இங்கிலீசு, அவருக்கு முக்கால் இங்கிலீசு. ரெண்டும் சேந்தா ஓடிரும்.

அவருக்கு ஒரு முறை இருந்துச்சு. ஒருத்தரைப் பத்திப் பாட்டு எழுதணும்னா அவங்க வீட்டுக்கே போவாரு, மூணு கேள்வி கேப்பாரு. காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? பையில என்ன கொண்டு போவீங்க? வீட்டுல உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க? அந்த வீட்டுப் பேருதான் பாட்டோட கடைசி அடி. பழைய பாட்டுக்காரங்க கடைசி அடியில தன் பேரை வைப்பாங்கல்ல, இவரு பாட்டுக்கு உரியவங்க பேரை வைப்பாரு. எழுதி முடிச்சதும் முதல்ல அவங்க முன்னாடிதான் பாடுவாரு. அப்புறம்தான் ஊருக்கு.

பழகின புதுசுல என்கிட்டயும் கேட்டாரு. "எங்க வீட்டுல என்னை 'ஏலே'ன்னுதான் கூப்பிடுவாங்க"ன்னேன். டிக்கெட்டுக்குப் பின்னால பயபக்தியோட எழுதிக்கிட்டாரு. ஒரு மாசம் என்னை ஏலே, ஏலேன்னே கூப்பிட்டாரு. நான் சிரிச்சிக்கிட்டேன். அந்த வீட்டுப் பேரு அவருக்கு எவ்வளவு பெரிய விசயம்னு அப்ப நான் கேட்டிருக்கணும்.

இனி கிளியக்கா.

கிளியக்கா யாழ்ப்பாணம். பறங்கிக் குடும்பம் ஒண்ணுக்கு, அதான் வெள்ளைக்காரக் கலப்புல வந்த இலங்கைக்காரங்களுக்கு, பிள்ளை பாக்குற வேலையா இங்க வந்தவங்க. அந்தக் குடும்பம் பெர்த்துக்குப் போயிருச்சு, இவங்க மெல்பர்ன்லயே ஃபுட்ஸ்கிரேங்குற பேட்டையில தகடு அழுத்துற மெசின் இருக்குற ஒரு கம்பெனியில சேந்துட்டாங்க. புருசன் இல்ல. எட்டு வயசுல ஒரு மகள், ஊர்ல பெரியம்மா வீட்டுல. மகளைக் கூப்பிடணும்னா 'வேலை நிரந்தரம்'னு கம்பெனி கடிதம் குடுக்கணும். கடிதத்துல கையெழுத்துப் போட வேண்டியது ஃபோர்மன் டெரிக். ரெண்டு வருசம் ஒரு நாள் லீவு போடாம அக்கா ஓடுனது அந்த ஒரு தாளுக்காக.

அப்பத்தான் பக்கத்து மெசின்ல மிலான்னு ஒரு யுகோஸ்லாவியாக்காரிக்கு ரெண்டு விரல் போயிருச்சு. அவ கவனக்குறைவுன்னு கம்பெனி எழுதிருச்சு. ஆனா அன்னைக்குக் காலையில, வேலை வேகமா நடக்கணும்னு, கையைக் காக்குற தகட்டை ஸ்பேனரால கழட்டுனது டெரிக். பாத்தது கிளியக்கா மட்டும்.

அக்கா யார்கிட்டயும் சொல்லல. காலை டிராம்ல உக்காந்து, ஒரு கையால இன்னொரு கை விரலையெல்லாம் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே போயிருக்காங்க. ஒரு வாரம் பாத்த சுபிமல்தா டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, "விரல்ல வலியா அம்மா?"ன்னு கேட்டிருக்காரு. அந்த ஒரு கேள்விக்கு, தெரிஞ்ச இங்கிலீசுல எல்லாம் கொட்டிருச்சு.

ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனோம். நான்தான் துவிபாஷி.

"இந்தக் கதிரையில இருக்கச் சொல்லு அவரை. மற்றது கால் ஆடும், அதில நீ இரு"ன்னு அக்கா எனக்கு ஆடுற நாற்காலியைத் தள்ளுனாங்க.

"நான் விழுந்தா பரவால்லியா?"

"உனக்கு விழுந்து பழக்கம்தானே."

மூணாவது கேள்வி வந்துச்சு. சுபிமல்தா நீளமா கேட்டாரு. "வீட்டுல மட்டும் கூப்பிடுற பேரு. ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும் தெரியாத பேரு. அதைக் கேளு." பெங்காலிங்க எல்லாருக்கும் ரெண்டு பேரு உண்டாம். ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு வீட்டுக்கு. வீட்டுப் பேரு வாசல்படி தாண்டாது. அந்தப் பேரைப் பாட்டுல வச்சா, பெத்தவளுக்கு மட்டும்தான் யாருன்னு தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அதுதான் அவர் கணக்கு. இந்தக் கணக்கு எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்னைக்கு என் காதுல அது வளவளன்னு விழுந்துச்சு. நம்ம ஆளுங்ககிட்ட அப்படி யாரு கேப்பா? நான் சுருக்கமா, "அக்கா, வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"ன்னேன். மிச்சப் பாதியை முழுங்கிட்டேன்.

"கிளி எண்டுதான். சொந்தப் பேர் மனோன்மணி."

டிக்கெட்டுக்குப் பின்னால 'கிளி' ஏறிருச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா வீட்டுச் சமையக்கட்டுல பாடிக் காட்டுனாரு. காலை அஞ்சு மணி, பையில ரெண்டு ரொட்டியும் மகள் எழுதுன கடிதமும், ஸ்பேனர் பிடிச்ச கை, தகடு இல்லாத மெசின். கடைசி அடியில 'கிளி' மூணு தடவை. பாஷை புரியாமலே அக்கா முந்தானையை வாயில வச்சு அழுதாங்க. அப்புறம், "இது எங்களுக்குள்ளதானே தம்பி?"ன்னு கேட்டாங்க.

"இல்லக்கா, வானொலியில வரும். ஆஸ்திரேலியா பூரா கேக்கும். பிரதம மந்திரி காலையில காப்பி குடிச்சிக்கிட்டே கேப்பாரு."

"போடா, உன்ர பகிடியும் நீயும்."

சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சொல்லியாச்சுன்னு நான் நெனச்சேன். பகிடின்னு அவங்க நெனச்சாங்க. எப்பவும் விளையாடுறவன் நிஜத்தைச் சொன்னா இதான் கதி.

செவ்வாய்க்கிழமை ரெக்கார்டிங். நிலையத்துல ஒரு விதி. புதன்கிழமைக்குள்ள டேப்பும் பாட்டோட இங்கிலீசுச் சுருக்கமும் அதிகாரி அம்மாகிட்ட போயிரணும். அந்தம்மா படிச்சுக் கையெழுத்துப் போட்டதும் டேப் இரும்பு அலமாரிக்குள்ள போயிரும். ஞாயித்துக்கிழமை ஒலிபரப்பு வரைக்கும் வெளிய வராது. சுருக்கத்துல 'ஃபுட்ஸ்கிரேல தகடு அழுத்துற ஃபேக்டரியில, தோழியோட விரல் போனதைப் பாத்த பொண்ணோட பாட்டு'ன்னு இருந்துச்சு. பாட்டுக்கு முந்தி அதை இங்கிலீசுலயே படிப்பாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவோட டப்பாவைத் திருப்பிக் குடுக்க ஃபேக்டரி வாசலுக்குப் போனேன். பாட்டுக் கேட்ட அன்னைக்கு சீனிச் சம்பல், அவங்க ஊரு வெங்காயத் தொக்கு, போட்டுக் குடுத்த டப்பா. வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுன்னு எங்க அக்கா முறுக்கு போட்டு அனுப்புனா. ஷிப்ட் முடிஞ்சு கூட்டம் வருது. உள்ள இருந்து ஒரு குரல்.

"கிளி! உன் கோட்டை மறந்துட்ட!"

டெரிக். சிவந்த முகம், வாரிச் சீவுன தலை. கையில அக்கா கோட்டு. அக்கா ஓடிப் போயி வாங்கிக்கிட்டு வந்தாங்க. முறுக்கு டப்பாவை அவங்க கையில திணிச்சேன்.

"அக்கா... இங்கயும் கிளியா?"

"ஓம். மனோன்மணி இவங்கட வாய்க்குள்ள அடங்குமே? முதல் நாளே டெரிக் கேட்டவர், வீட்டில என்னெண்டு கூப்பிடுறது எண்டு. கிளி எண்டனான். வேலை அட்டையிலயும் அதுதான். ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

டெரிக் பத்தடி தள்ளி நின்னு சிகரெட் பத்த வச்சுக்கிட்டு எங்களையே பாத்தாரு. "பசிக்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த நிமிசம் சொல்லியிருக்கணும். ஊர்ல உள்ள ஒருத்தனையும் விடாம வம்பிழுக்குற வாய், அன்னைக்கு ஒட்டிக்கிச்சு.

வேனை எடுத்தவன் நேரா நிலையத்துக்குத்தான் விட்டேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ஃபேக்டரியில பெங்காலி தெரிஞ்சவன் எவன் இருக்கான்? ஒருத்தனும் இல்ல. ஆனா இங்கிலீசுச் சுருக்கம் எல்லாருக்கும் புரியும். அது கூட 'கிளி'ன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும். ஃபுட்ஸ்கிரேல எத்தனை கிளி?

அதிகாரி அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தாங்க. "டேப்புல ஒரு ஒட்டு பிரியிற மாதிரி இருக்கு, ஓடும்போது அறுந்துரும்"னு புளுகினேன். அந்தம்மா கடிகாரத்தைப் பாத்துட்டு, "இருவது நிமிசம்"னு சாவியைக் குடுத்தாங்க.

வெட்டுறது எப்படின்னு பயலுவளுக்காக எழுதுறேன். மத்தவங்க தாண்டிப் போங்க. மெசினை ஓட விடாம, ரெண்டு சக்கரத்தையும் கையால முன்னையும் பின்னையும் உருட்டணும். குரல் மாடு கனைக்கிற மாதிரி வரும். 'கி' ஆரம்பிக்கிற எடத்துல ஒரு டிக்கு, அங்க மஞ்சள் பென்சில் புள்ளி. 'ளி' முடிஞ்சு மூச்சு இழுக்குற எடத்துல இன்னொரு புள்ளி. வெட்டுக் கட்டையில இருக்குற பள்ளத்துல டேப்பைப் படுக்க வச்சு, பிளேடைச் சரிவா இழுக்கணும். ரெண்டு முனையையும் இடிக்காம, இடைவெளி விடாம சேத்து, ஒட்டு நாடாவை நகத்தால தேய்க்கணும். ஒரு பேரு ஒரு நடுவிரல் நீளம் இருக்கும்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆர்மோனியம் பேரோட சேந்தே ஏறும், அதனால அதையும் சேத்து வெட்ட வேண்டியதாச்சு. மூணு துண்டையும் சட்டைப் பையில போட்டேன். பத்தொம்பதாவது நிமிசம் டேப்பு அலமாரிக்குள்ள போயிருச்சு.

யார்கிட்டயும் சொல்லல. சுபிமல்தாகிட்ட சொன்னா, பேரு இல்லாம பாட்டே வேண்டாம்பாரு. அக்காகிட்ட சொன்னா தூங்க மாட்டாங்க. நானே முடிச்சிட்டேன்னு ஒரு திமிரு வேற.

ஞாயிறு காலை பதினொரு மணி. அத்தான் வீட்டுல ரேடியோ முன்னாடி தனியா உக்காந்தேன். சுருக்கத்தைப் படிச்சாங்க. பாட்டு தொடங்குச்சு. முதல் சரணம், ரெண்டாவது சரணம். அதுக்கப்புறம் சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவுல சுபிமல்தா வார்த்தை இல்லாம இழுக்குற எடம் ஒண்ணு உண்டு. வெறும் ராகம்னு நெனச்சு அதை நான் உருட்டிக்கூடப் பாக்கல.

"கி... ... ... ...ளி..."

மெதுவா, ஒரு முழ நீளத்துக்கு, தண்ணி மாதிரித் தெளிவா இழுத்தாரு.

ரேடியோவோட வாயைக் கையால பொத்துனேன். அதுக்கப்புறம் கடைசி அடியில மூணு விக்கல் வந்துச்சு.

அரைமணி நேரத்துல சுபிமல்தா வாசல்ல நின்னாரு. டூட்டி யூனிஃபார்ம். "என் பாட்டுல யாரு கை வச்சா?"

சட்டைப் பையில இருந்து மூணு துண்டையும் எடுத்து நீட்டுனேன். வெள்ளிக்கிழமையில இருந்து அதே சட்டை. பாதிக் கேள்வியை முழுங்குனதுல இருந்து முழுசும் சொன்னேன். அவரு தொப்பியை எடுத்தாரு. ரெண்டா மடிச்சாரு. நாலா மடிச்சாரு.

"அவங்ககிட்ட கேட்டியா?"

"இல்ல."

"அவங்ககிட்டயும் கேக்கல, என்கிட்டயும் கேக்கல. உனக்குப் புரியாத பாஷையில ஒருத்தியோட பேரை வெட்டியிருக்க." மடிச்ச தொப்பியை விரிச்சாரு. "நானும்தான் கேக்கல. வீட்டுப் பேருன்னா எல்லார் வீட்டுலயும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன். வண்டியை எடு."

அக்கா மீன் கழுவிக்கிட்டிருந்தாங்க. வீட்டுல ரேடியோ இல்ல. நான் சொன்னேன், இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட முழுங்கல. குழாயை மூடாமலே கேட்டாங்க.

"அப்ப அது பகிடி இல்லையே?"

"இல்லக்கா."

"மூண்டு வெட்டினனி. நாலாவது நிண்டுட்டுது."

"ஆமாக்கா."

கத்துவாங்கன்னு பாத்தேன். கழுவுன மீனையே திரும்பக் கழுவுனாங்க. சுபிமல்தா கையைக் கூப்பிக்கிட்டு, "நாளைக்கு நீங்க போக வேண்டாம், நான் போயி ஃபோர்மன்கிட்ட பேசுறேன், பாட்டு முழுக்கக் கற்பனைன்னு சொல்லிடுறேன்"ன்னாரு. நான் மொழிபெயர்த்தேன்.

"அவர் ஒண்டும் சொல்ல வேண்டாம்" அப்படின்னாங்க அக்கா. "மிலாவின்ர விரல் கற்பனையே? நான் போகாட்டி நான்தான் எண்டு தெரிஞ்சிடும். போவன். ஆனா தம்பி, நீ வாசல்ல நில். என்னை வேலையில இருந்து கலைச்சு விட்டா நான் ஆரோட வீட்ட வாறது?"

திங்கக்கிழமை காலை ஆறரைக்கே வேனோட வாசல்ல நின்னேன். எட்டு, ஒம்பது, பத்து. ஒவ்வொரு தடவை கேட்டு திறக்கும்போதும் கோட்டும் பையுமா அக்கா வர்ற மாதிரியே இருக்கும். ஒண்ணுக்குக்கூடப் போகல, அந்த நேரம் பாத்து வந்துட்டா?

மத்தியானம் கேட்டு திறந்துச்சு. வந்தது டெரிக். நேரா என் வேனுக்கு.

"நீதானே அந்தப் பாட்டுக்காரனுக்கு மைக் பிடிக்கிறவன்? ஃபேக்டரி வாசல்ல நீங்க பாடும்போது பாத்திருக்கேன், வெள்ளிக்கிழமையும் பாத்தேன்."

"ஆமா சார்."

"நேத்து ரேடியோ கேட்டேன். ஒரு வார்த்தை புரியல."

"பெங்காலி சார். யாருக்குப் புரியும்?"

சிகரெட்டை இழுத்தாரு, விட்டாரு. போயிருவாருன்னு பாத்தேன், போகல. ஃபேக்டரிக் கூரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "ஸ்பேனருக்கு அவன் போட்டிருக்குற வார்த்தை தப்பு. அது பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்குறது. கல்கத்தால எந்தப் பட்டறையிலயும் எந்த மிஸ்திரியும் அப்படிச் சொல்ல மாட்டான்."

சொல்லிட்டு நின்னாரு. என்ன சொல்லிட்டோம்னு அவருக்கே அப்பத்தான் உறைச்சிருக்கு. சிவந்த முகம் சுண்ணாம்பாப் போயிருச்சு. இங்கிலாந்துல சௌத்தாம்ப்டன்ல பொறந்தேன்னு ஃபேக்டரி பூரா சொல்லி வச்சிருக்குற ஆளு. எங்க ஊர்ல சட்டைக்காரங்கன்னு சொல்லுவோமே, ஆங்கிலோ இந்தியன். கல்கத்தாக்காரரு. பெங்காலி கேக்க ஆசைப்பட்டு ஞாயித்துக்கிழமை திருட்டுத்தனமா ரேடியோ போட்டிருக்காரு, தன்னையே கேட்டிருக்காரு.

என் வாழ்நாள்ல இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்ல. நாக்கு நுனியில எட்டு கிண்டல் வரிசையா நின்னுச்சு. ஒண்ணை விட்டாப் போதும், அந்த ஆளு அங்கயே சுருண்டுருவாரு. ஆனா உள்ள அக்கா மெசின் முன்னாடி நிக்கிறாங்க. பல்லைக் கடிச்சு எட்டையும் முழுங்கினேன். முழுங்க வேண்டியதை முழுங்குனது அன்னைக்குத்தான்.

"சரி சார்"னு மட்டும் சொன்னேன்.

"தகட்டைக் கழட்டச் சொன்னது மேல இருக்குறவங்க" அப்படின்னாரு, குரல் ரொம்ப இறங்கிப் போயி. "பாட்டுல அது இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்." சிகரெட்டை ஷூவால தேச்சுட்டு உள்ள போயிட்டாரு.

சாயங்காலம் அக்கா கோட்டும் பையுமா, எப்பவும் போல வந்து வண்டியில ஏறுனாங்க. "என்னட்ட ஒரு கதையும் கதைக்கேல்ல. பார்க்கவே இல்ல. எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு." மறுநாள் காலையில டெரிக் அதே ஸ்பேனரோட வந்து, ஒண்ணும் சொல்லாம, தகட்டைத் திரும்ப மாட்டிட்டுப் போனாராம்.

நடந்ததை சுபிமல்தாகிட்ட சொன்னேன். பேனாவை எடுத்தாரு. ஸ்பேனர் வார்த்தையை அடிச்சாரு. பட்டறைக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டுக் கேட்டு மாத்துனாரு. கழட்டச் சொன்னது யாருன்னு ஒரு சரணம் புதுசா சேத்தாரு. பேரு வர்ற எடத்துல மட்டும் ஒண்ணும் வைக்கல. அதுக்கப்புறம் எங்க பாடுனாலும் அந்த எடத்துல பாட்டை நிறுத்திருவாரு, ஆர்மோனியம் மட்டும் மூச்சு விடும். மூணு தடவை. மூணாவது கேள்வியை என்கிட்ட மறுபடி விடவே இல்ல. "இந்தப் பேரு யாருக்கெல்லாம் தெரியும்?"னு நாலாவதா ஒண்ணும் சேந்துருச்சு.

கம்பெனிக் கடிதம் வரல. ஒரு வாரம், ரெண்டு வாரம். அக்கா கேக்கவும் பயந்தாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வாசலுக்குப் போவேன். என் முகத்தைப் பாத்ததும் இல்லைன்னு தலையாட்டுவாங்க. சாப்பாட்டைத் தட்டுலயே வச்சுட்டு எந்திரிச்சிருவேன். "காதலிக்கிறியாலே?"ன்னு எங்க அக்கா கேட்டா.

மூணாவது வாரம் வியாழக்கிழமை, ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், ஆபீஸ் கதவைத் திறந்து டெரிக் கூப்பிட்டாராம்.

"மனோன்மணி."

பிசிறே இல்லாம. ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் எங்க எங்க விழணுமோ அங்க விழுந்துச்சாம். வாய்க்குள்ள அடங்காதுன்னு ரெண்டு வருசம் நடிச்ச ஆளு. கடிதத்தை நீட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாராம். அக்கா அதை என்கிட்ட சொல்லும்போது, கடிதத்தைவிட அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

கடிதம் கான்பெராவுல இருக்குற குடியேற்ற ஆபீசுக்குப் போச்சு. ரசீது கையில வந்த மறுநாளே அக்கா யூனியன் ஆபீசுக்குப் போயி, மிலா விசயத்துல பாத்ததைப் பாத்தபடி சொல்லிட்டாங்க. சொந்தப் பேர்ல, கையெழுத்துப் போட்டு.

நான் அதுக்கப்புறம் ரெண்டு வருசம் வெட்டினேன். அப்புறம் நகரத்துல ஒரு கூட்டத்துல, ஸ்பீக்கருக்குள்ள தலையை விட்டு ஒயரைப் பாக்கும்போது மேடையில எவனோ மைக்கை அதுக்கு நேரா திருப்பிட்டான். விசில் ஒண்ணு காதுக்குள்ள போச்சு, இன்னும் வெளிய வரல. சுபிமல்தா இன்னும் டிராம்லதான். பாக்கும்போதெல்லாம் என் வலது பக்கமா வந்து நின்னு, "ஏலே"ன்னு கூப்பிடுவாரு.

பயலுவளா, இதான் அந்த மூணு ஒட்டு. பெட்டியைத் தூக்கிப் போட்டுராதீங்க.

இதை எழுதி முடிச்சு, முதல்ல கிளியக்கா வீட்டுத் தபால் பெட்டியிலதான் போட்டேன். இப்ப எனக்கு அவங்களையும் சுபிமல்தாவையும் விட்டா வேற சிநேகிதம் இல்ல. மேல ஒரு சீட்டும் வச்சேன். 'அக்கா, இதுல உங்க பேரு ரெண்டும் இருக்கு. இந்தத் தடவை கேக்காம வெட்ட மாட்டேன், கேக்காம வைக்கவும் மாட்டேன். வைக்கவா, வெட்டவா?' அதே சீட்டுக்குப் பின்னால பதில் வந்துச்சு.

"வை தம்பி, மகள் இப்பதான் சத்தம்போட்டு வாசிச்சு முடிச்சவள்."